ஒண்ணுக்கு ஐம்பது
எங்க கயத்தாறு கரிசலில் ஒரு மூட்டை உளுந்து வரும்னு கணக்குப் போட்டு 50 மூட்டை வந்தா, முதல்ல கணக்கைத்தான் சந்தேகப்படுவோம். 1990களில் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இதேதான். புரோட்டானையும் எதிர்புரோட்டானையும் மோதவிட்டாங்க. சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ‘சை’ துகளில் ஒரு வகை, கணித்ததைவிட சுமார் 50 மடங்கு வந்தது.

பழைய கணக்கில், ஜோடி பிறக்கும்போதே அதன் ‘நிறம்’ சமனாகியிருக்கணும். (கண்ணுக்குத் தெரியுற நிறம் இல்லைங்க, மின்னூட்டம் மாதிரி ஒரு குணம்.) போட்வின், பிராட்டன், லெபாஜ் மூவரும் 1995ல் சொன்னது: சமனாகாமலும் பிறக்கலாம், பிறகு குளுவானை உமிழ்ந்து சமனாகும். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இருந்த கே. ஸ்ரீதரும் இந்தக் கணக்குகளில் உழைத்தவர்.

எண்ணிக்கை பொருந்திடுச்சு. ஆனா அது எத்தனை முறை நடக்கும்ங்கிற எண்ணை அளவீட்டிலிருந்தேதான் எடுத்தாங்க. எனக்கு அங்கதான் உறுத்துச்சு. அடுத்து துகளின் சுழற்சி எந்தப் பக்கம் சாயும்னு கணித்தாங்க. அளந்து பார்த்தா, அப்படிச் சாயவே இல்லை.