கம்பெனிக்குத் தனி டிஜிட்டல் லைன்: எடுக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

2003-ம் ஆண்டு. கோவை கணபதியில் என் பெரியப்பாவின் மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் முதல் கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தவன் நான்தான். இருந்தது ஒரே போன் லைன். அதிலேயே 56 கிலோபிட் மோடம். இன்டர்நெட்டுக்கு டயல் செய்தால் போன் எங்கேஜ்டு ஆகிவிடும். ஒரு நாள் படங்களுடன் கூடிய விலைப்பட்டியலை ஈமெயிலில் அனுப்ப முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் ஈரோட்டு டீலர் நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்து, ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். "ஏங்கண்ணு, நீ கொண்டாந்து வெச்ச பொட்டி யாவாரத்தையே நிறுத்திப்போடுமாட்ட இருக்குதே" என்றார் பெரியப்பா.

அதற்குத் தீர்வாக நாங்கள் எடுத்தது ஐஎஸ்டிஎன் லைன். சாதாரண போன் கம்பியிலேயே பேச்சையும் தகவலையும் டிஜிட்டலாக அனுப்பும் முறை இது. சிறிய இணைப்பில் 64 கிலோபிட் சேனல்கள் இரண்டும், அழைப்பை ஏற்படுத்துவதற்கான 16 கிலோபிட் சேனல் ஒன்றும் இருக்கும். ஒரு சேனலில் பேசிக்கொண்டே மற்றதில் இன்டர்நெட் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தால் 128 கிலோபிட் வேகம். ஆனால் அப்படிச் சேர்த்தால் இரண்டு அழைப்புகளுக்கான கட்டணம் ஓடும். முதல் மாத பில் வந்த பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது!

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டா ஒன்' பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. 256 கிலோபிட் வேகம், அதே கம்பியில் போனும் தனியாக வேலை செய்யும். 2006 மார்ச்சில் வந்த 'ஒன் இந்தியா' திட்டத்தில், நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய்க்குப் பேச முடிந்தது. அதற்கு முன், திருப்பூருக்குப் பேச முதலில் 95 போட்டு டயல் செய்து, செலவு குறைந்தது என்று மகிழ்ந்தவர்கள் நாங்கள். ஐஎஸ்டிஎன் லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது கம்பெனியைப் பெரியப்பா மகன் நடத்துகிறார். 22 எக்ஸ்டென்ஷன்கள். சென்ற ஆண்டு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து பிஆர்ஐ லைனும் லீஸ்டு லைனும் சேர்த்து எடுக்கச் சொன்னார். அண்ணன் கையெழுத்துப் போடும் நிலையில்தான் எனக்குப் போன் செய்தார்.

பிஆர்ஐ என்பது ஐஎஸ்டிஎன்னின் பெரிய வடிவம். நம் நாட்டில் இது இ1 என்ற இணைப்பில் வருகிறது. மொத்தம் 2.048 மெகாபிட், 32 பகுதிகள். அவற்றில் 30-ல் ஒரே நேரத்தில் பேசலாம். மற்ற இரண்டும் இணைப்பின் சொந்த வேலைக்கு. (இன்டர்நெட்டில் தேடினால் டி1 என்று வரும். அது 24 சேனல் கொண்ட அமெரிக்க முறை, குழம்ப வேண்டாம்.)

"22 பேரு பேசோணுமல்ல தம்பி?" என்றார் அண்ணன். 22 பேரும் ஒரே நேரத்தில் வெளியே பேசுகிறார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் இபிஏபிஎக்ஸ் ஒவ்வொரு அழைப்பும் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று பதிவு செய்யும். அந்தப் பதிவை ஒரு வாரத்துக்கு எடுத்து எக்ஸெலில் போட்டேன். ஒவ்வொரு அழைப்பும் தொடங்கிய நொடியில், முன்பே தொடங்கி இன்னும் முடியாத அழைப்புகள் எத்தனை என்று கவுண்டிஃப்ஸ் ஃபார்முலாவால் எண்ணலாம். திங்கள் காலை பத்தரை மணிக்கு 7. அதற்கு மேல் எந்த நாளும் போகவில்லை. மீதி 23 சேனல்களுக்கு எதற்கு வாடகை?

எனவே ஃபைபர் இணைப்பின் மேல் ஓடும் எஸ்ஐபி டிரங்க் எடுத்தோம், 10 சேனல்கள் மட்டும். ஓர் அழைப்புக்குப் போக 100 கிலோபிட், வர 100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் போதும். பத்துப் பேர் பேசினாலும் ஒரு மெகாபிட்தான்.

லீஸ்டு லைன் வீண் என்று சொல்ல மாட்டேன். அங்கே நீங்கள் பணம் கொடுப்பது வேகத்துக்கு மட்டுமல்ல. மற்றவர்களுடன் பங்கு போடாத அலைவரிசை, டவுன்லோடுக்குச் சமமான அப்லோடு, பழுதானால் இத்தனை மணி நேரத்தில் சரி செய்வோம் என்ற எழுத்து உறுதி இவற்றுக்கும்தான். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் நண்பர் பெரிய டிசைன் ஃபைல்களை மாலைக்குள் ஐரோப்பாவுக்கு அனுப்பியாக வேண்டும். அவருக்கு அது செலவல்ல. பம்ப் விலைப்பட்டியல் அனுப்புகிற எங்களுக்கு வேண்டாம்.

மாறும்போது ஒரு சிக்கல் வந்தது. எங்கள் 0422 நம்பர், விற்ற ஒவ்வொரு பம்பின் பெயர்த்தகட்டிலும் அச்சாகியிருக்கிறது. பொள்ளாச்சித் தோட்டத்துக் கிணற்றில் பம்ப் நின்றுபோனால், விவசாயி அந்தத் தகட்டைத் துடைத்துப் பார்த்துத்தான் கூப்பிடுவார். செல்போனைப் போல, லேண்ட்லைன் நம்பரை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் வசதி இங்கே இல்லை. ஆகவே பழைய லைனைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் உள்வரும் அழைப்புக்கு மட்டும் வைத்து, அதன் கம்பியை இபிஏபிஎக்ஸிலேயே செருகிவிட்டோம். நம்பரை மாற்றும் முன், அது எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

பில்லையும் பாருங்கள். போன் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற தொழில் என்றால் இதைப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், பில்லில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால். எங்கள் பழைய லைன் பெரியப்பா பெயரிலேயே இருந்தது!

இன்னொன்று, மின்சாரம். பழைய கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். 2012-ல் கோவையில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதும் சாதாரண போன் மணி அடித்தது. ஃபைபரில் அது நடக்காது. ஃபைபர் மோடம், ரவுட்டர், இபிஏபிஎக்ஸ் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்திடுங்கள். நாங்கள் ரவுட்டரை மறந்துவிட்டு, முதல் மின்வெட்டில் அரை மணி நேரம் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தோம், செல்போனில்.