போடு என்னும் வினையும் எச்சார் என்னும் வினையும்

பொங்கலூர்ப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் சற்று நேரம் நின்று செவிகொடுத்தால், 'போடு' என்னும் வினைக்கு ஓய்வே இல்லை என்பது விளங்கும். புதிதாகத் தறி போடுகிறார்கள். அறுந்த பாவு இழைக்கு முடிச்சுப் போடுகிறார்கள். கணக்குப் போட்டுச் சம்பளம் போடுகிறார்கள். துணியில் குறை வந்தால் பழியை அடுத்த ஷிப்ட்டின்மேல் போடுகிறார்கள். இவற்றுள் எதிலும் யாரும் எதையும் எறியவில்லை.

ஸ்பானிய மொழியில் இதே சுமையைத் தூக்குவது 'எச்சார்' என்னும் வினை. எறிதலைக் குறித்த 'யாக்தாரே' என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது அது. குழம்புக்கு உப்புப் போடுவது அங்கே 'எச்சார் சால்'. வண்டிக்குப் பெட்ரோல் போடுவது 'எச்சார் கசோலீனா'. பழி போடுவது 'எச்சார் லா குல்பா'. கணக்குப் போடுவது 'எச்சார் குவென்தாஸ்'. மதியம் ஒரு தூக்கம் போடுவது 'எச்சார் உனா சியெஸ்தா'. தொலைக்காட்சியில் இன்று என்ன படம் போடுகிறார்கள் என்று கேட்கவும் ஸ்பெயின்காரர்க்கு இவ்வினையே உதவுகிறது. பின்னலாடை வணிகத்தின் பொருட்டு ஸ்பானியம் கற்கப் புகும் திருப்பூர் இளைஞர், பாதிப் பாடத்தைத் தாய்மொழியிலேயே படித்து முடித்தவர் எனலாம். ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிச் செல்வதுதான் அவருக்கு வீண் வேலை.

இரு மொழிகளுக்கும் உறவு கிடையாது. ஒன்று திராவிடம், மற்றது இலத்தீன் வழியது. பின் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப் என்னும் அமெரிக்க அறிஞர் 1945இல் ஒரு கணக்கை முன்வைத்தார். ஒரு சொல்லின் பொருள்கள் அச்சொல் வழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டிப் பெருகுகின்றன என்பது அது. நூறு மடங்கு மிகுதியாக வழங்கும் சொல்லுக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு பொருள். நாள் முழுதும் வாயில் புரளும் வினை தன் முதற்பொருளை இழந்து மெலிகிறது. டென்மார்க்கின் ஓட்டோ எஸ்பர்சன் 1942இல் இத்தகையவற்றை இலேசான வினைகள் என்று குறித்தார். 'பழி போட்டாள்' என்பதில் செயல் இன்னதென்று சொல்வது பழி. காலத்தையும் ஆளையும் காட்டும் அளவுக்கே 'போட்டாள்' அங்கு நிற்கிறது.

ஆயினும் இரு வினைகளும் கடைசிவரை கூடவே நடப்பதில்லை. கொங்கு நாட்டார் "சாப்புட்டுப்போட்டு வாரனுங்க" என்பர். உண்டு முடித்தபின் வருவதாகப் பொருள். இங்கே 'போடு' துணைவினையாகிச் செயலின் முடிவைக் காட்டுகிறது. ஸ்பானியத்தில் 'எச்சார்சே ஆ ரெயீர்' என்றால் சட்டெனச் சிரிக்கத் தொடங்குதல். எறிதலிலிருந்து புறப்பட்ட வினை அங்கே தொடக்கத்துக்கும் இங்கே முடிவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது! கையிலிருந்து பொருள் புறப்படும் கணத்தை ஒரு மொழியும், கைவிட்டுப் போன கணத்தை மற்றொன்றும் பற்றிக்கொண்டன என்று கருத இடமுண்டு. உதவி செய்வதற்கு அவர்கள் 'எச்சார் உனா மானோ' என்று கையைப் போடுகிறார்கள். நாம் கை கொடுக்கிறோம். அவர்கள் செடி வேர் போடும். நம் செடி வேர் விடும்.

ஆகவே வினையைத் தனியே எடுத்து அதன் பொருள்களைப் பட்டியலிட்டு உருப்போடுவதில் பயன் குறைவு. டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் ஒரு சோதனை நடத்தினர். பழகிய மரபுத்தொடர்களையும் அதே அமைப்பிலுள்ள சாதாரணத் தொடர்களையும் காட்டி, இவை பொருளுள்ளவையா எனக் கேட்டபோது, மரபுத்தொடர்களுக்கே விடை விரைந்து வந்தது. மனம் அவற்றைச் சொல் சொல்லாகக் கோக்காமல் ஒரே சொல்லைப் போல எடுத்தாள்கிறது என்று அவர்கள் விளக்கினர். பெயரையும் வினையையும் சேர்த்தே வாயில் ஏற்றிக்கொள்வதுதான் கற்பவர்க்கு ஏற்ற வழி.

ஒருவரைக் காணாது ஏங்குவதை ஸ்பானியர் 'எச்சார் தே மேனோஸ்' என்பர். இதில் எறிதலும் இல்லை, இடுதலும் இல்லை. காணுதலைக் குறிக்கும் 'அச்சார்' என்னும் போர்த்துகீசிய வினை எல்லை தாண்டி வந்து, ஒலியொப்புமையால் 'எச்சார்' ஆயிற்று. குறைவாகக் காண்பது என்பதே அதன் மூலப்பொருள். நம் 'போடு' இத்தொடருக்கு ஒரு துணையும் செய்யாது. அதை அப்படியே நெட்டுருச் செய்ய வேண்டியதுதான்.