கட்டில் வந்தது... வீடு நிலைக்குமா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் என்றொரு சிறு நகரம். 2012-ல் அங்கே ஒரு வீட்டு கராஜில், தரையில் படுக்கும் பிள்ளைகளுக்காகக் கட்டில் செய்யத் தொடங்கினார்கள். இன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் அந்த வேலை நடக்கிறது.

பாயில் படுத்து வளர்ந்த நமக்கு, கட்டில் இல்லாததெல்லாம் ஒரு குறையா என்று தோன்றும். உறைபனி விழும் ஊரில் தரை வேறு மாதிரி. அங்கே கட்டில் இல்லாத பிள்ளைக்கு சோபாதான் கதி. இல்லையென்றால் துணிக் குவியல், அல்லது அம்மாவும் தம்பி தங்கைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும் ஒற்றை மெத்தை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். நாலு பேர் புரளும் மெத்தையில் அந்தத் தூக்கம் எப்படி வரும்?

விடுமுறை நாளில் தன்னார்வலர்கள் கூடுகிறார்கள். ஒரு மேசையில் பைன் கட்டைகளை அறுக்கிறார்கள், அடுத்ததில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், இன்னொன்றில் துளையிடுகிறார்கள். வினிகரில் இரும்பு நாரை ஊறவைத்த கரைசலில் முக்கி எடுத்தால், வெளிறிய மரம் சற்று நேரத்தில் பழுப்பேறிவிடுகிறது. செலவும் குறைவு. அடுக்குக் கட்டிலின் தடுப்புச் சட்டங்களில் 3.5 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது; பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஆறு வயது நிரம்பாதவர்களுக்கு மேல்தட்டு கிடையாது. வீட்டுக்கே கொண்டுபோய்ப் பூட்டி, புது மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் விரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை என்பவர்களும் உண்டு. சரிதான். அதுவரை பிள்ளை எங்கே படுக்கும்?

என் கவலை வேறு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு முன்பு கட்டில் இருந்திருக்கும். வாடகை பாக்கியில் வீட்டைக் காலி செய்தபோதோ, அடிக்கும் அப்பாவிடமிருந்து அம்மா இரவோடு இரவாகக் கூட்டி வந்தபோதோ அது அங்கேயே தங்கிவிட்டது. காருக்குள் துணிமூட்டை அடங்கும், கட்டில் அடங்காது. வாடகை நிலவரம் அப்படியே இருக்கும்போது, இன்று பூட்டிய கட்டிலுக்கும் அதே கதி வராது என்று யார் சொல்ல முடியும்? நீதிமன்ற உத்தரவோடு காலி செய்ய வைக்கும்போது சாமான்களைத் தெருவோரம் இறக்கிவிடும் ஊர்கள் அந்த நாட்டில் இருக்கின்றன. மழை பெய்தால் மெத்தை அவ்வளவுதான். மறுபடியும் தரை.

அதனால் கட்டிலோடு ஒரு ஸ்பேனரும் நாலு உபரி போல்ட்டும் கொடுக்க வேண்டும். பூட்டியவர்களின் தொலைபேசி எண்ணைக் கட்டில் சட்டத்திலேயே ஒட்டிவிட வேண்டும். வீடு மாறுகிறோம் என்று அந்த அம்மா கூப்பிட்டால், கழற்றி ஏற்ற ஆளும் வேனும் போக வேண்டும். மரத்துக்குத் திரட்டுகிற பணத்தில் ஒரு பங்கை வேன் வாடகைக்கும், முடிந்தால் அந்த வீட்டின் ஒரு மாத பாக்கிக்கும் ஒதுக்கலாம்.