காலியாகக் கிடந்த நாற்காலி

புதியம்புத்தூர்த் தையல் தோழர்களை நாம் ஒன்று கேட்கிறோம். ஒரு கை தைக்காமல் விட்ட சட்டையை வியாபாரி வாங்குவாரா? முகத்தில் எறிவார்! சட்டமன்றத்திலே உங்களுக்குரிய நாற்காலியை 20 மாதம் காலியாகப் போட்டு வைத்தார்களே, அதை மட்டும் எப்படிப் பொறுத்தீர்கள்?

2017 ஆகஸ்டில் அன்றைய ஆளுங்கட்சிக்குள் பூசல். முதலமைச்சரிடம் நம்பிக்கை இல்லையென்று அக்கட்சி உறுப்பினர் சிலர் கவர்னரிடம் கடிதம் கொடுத்தனர். செப்டம்பர் 18ல் சபாநாயகர் பேனாவை எடுத்தார். கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் பேரால் 18 பேரின் பதவி பறிபோயிற்று. ஓட்டப்பிடாரம் அதிலொன்று; விளாத்திகுளம் இன்னொன்று. கரிசல் மண்ணின் இரு தொகுதிகள் ஒரே நாளில் ஊமையாயின.

யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நாம் நுழையவில்லை. நீதிமன்றம் நுழைந்தது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இருவிதமாகச் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, பதவி நீக்கம் செல்லும் என்றார். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வழக்கு நடந்தது, தேர்தல் நின்றது! விளாத்திகுளம் 2019 ஏப்ரல் 18ல் வாக்களித்தது. ஓட்டப்பிடாரத்துக்கு அப்போதும் இல்லை. 2016 தேர்தலைப் பற்றிய பழைய வழக்கொன்று குறுக்கே நின்றது. மே 19 வரை காத்திருந்தீர்கள்.

இடையில் வந்தது 2018 மே 22. பக்கத்துத் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று கேட்டுச் சென்ற மக்கள்மீது துப்பாக்கி பேசிற்று. 13 உயிர்கள்! சட்டமன்றத்தில் அதுபற்றிப் பேச்செழுந்தபோது, எழுந்து நிற்க ஓட்டப்பிடாரத்துக்கு ஆளில்லை. விளாத்திகுளத்துக்கும் இல்லை.

மத்திய அமெரிக்காவிலே கோஸ்டாரிக்கா என்றொரு சிறு நாடு. 1948ல் இராணுவத்தையே கலைத்து, 1949 அரசியல் சட்டத்தில் அதை எழுதியும் வைத்த நாடு. அங்கே ஒரே மன்றம், 57 உறுப்பினர்கள், நான்காண்டுப் பதவி. ஏழு மாகாணங்களில் கட்சிகள் பெயர்ப் பட்டியல் தரும். வாக்கின் அளவுக்கேற்ப இடம். ஒருவர் இறந்தால், விலகினால்? தேர்தல் தீர்ப்பாயம் அதே பட்டியலில் அடுத்த பெயரை அழைக்கிறது. இடைத்தேர்தலும் இல்லை, இழுபறியும் இல்லை.

அதில் பழுதில்லையா? உண்டு. சந்தையில் மறித்து, "எங்கள் கண்மாய் என்னவாயிற்று?" என்று கேட்க ஊருக்கென ஒருவர் அங்கே இல்லை. பட்டியலில் கட்சித் தலைமை யாரை மேலே எழுதுகிறதோ அவரே உறுப்பினர். ஆகவே, தொகுதி முறை நமக்கு இருக்கட்டும். ஆனால் ஒரு கட்சியின் சீட்டில் வென்று வந்த சபாநாயகரே கட்சித்தாவல் வழக்கில் நீதிபதியாவதா? 2020 ஜனவரியில், மணிப்பூர் வழக்கிலே, சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்றை ஏற்படுத்தலாமே, பாராளுமன்றம் எண்ணிப் பார்க்கட்டும் என்றது உச்சநீதிமன்றம். சொன்னது நீதிமன்றம், செய்ய வேண்டியவர்கள் டில்லியில்.

வாக்குக் கேட்டு எவர் வந்தாலும், நம்மவரே வந்தாலும், தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: அடுத்த முறை நாற்காலி காலியானால், எத்தனை நாளில் ஆள் வரும்?