அலமாரியில் கிடந்த பாரசீக இளவரசன்

ஈப்போவிலும் பேராக்கின் மற்ற பட்டணங்களிலும் 1990களில் கணினி வகுப்புக்குப் போனவர்களைக் கேட்டால், 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டு பலருக்கு நினைவிருக்கும். வெள்ளை உடை இளைஞன் ஒருவன் நிலவறையிலிருந்து தப்பி, 12 கட்டங்களைக் கடந்து, 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். லயத்து வீடுகளில் கணினி அரிதாக இருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்து உறவினர் வீட்டில் முறை வைத்துக் காத்திருந்துதான் ஆட வேண்டும்.

இதை உருவாக்கியவர் அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர். 1985-இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு, ஆப்பிள் 2 கணினிக்காக இதைத் தொடங்கினார். தம்பி டேவிட்டை வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்தார். பிறகு அதை ஒவ்வொரு படமாகப் பிரித்து, பார்த்து வரைந்தார். மற்ற விளையாட்டுகளில் மரப்பொம்மைபோல் நகர்ந்த உருவம், இதில் விளிம்பைப் பற்றித் தொங்கி மூச்சிரைப்பதுபோல் தெரிந்ததற்கு அதுவே காரணம். வாள்வீச்சுக்கு உதவியது 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படம். இசை அமைத்தவர் மெக்னரின் தந்தை பிரான்சிஸ். ஏறக்குறைய குடும்பத் தொழில்தான்!

ஆனால், நாயகனின் அசைவுகளே கணினியின் நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரியை வரைய இடமில்லை. சண்டை இல்லாவிட்டால் விளையாட்டு சப்பென்று இருக்கும் என உடன் பணியாற்றிய டோமி பியர்ஸ் விடாமல் வற்புறுத்தினார். மெக்னர் கண்ட வழி எளிமையானது. நாயகனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளி அதன் மீதே வைத்தார்; இரண்டிலும் ஒளிரும் புள்ளிகளை அணைத்தார். மிஞ்சியது ஓரங்கள் மட்டும் மினுங்கும் ஒரு நிழல் மனிதன். கண்ணாடியிலிருந்து வெளிவரும் அவனை வெட்டினால், வெட்டியவனின் உயிரே குறையும். வாளை உறையில் இட்டால்தான் இருவரும் ஒன்றாவார்கள். இடப்பற்றாக்குறையில் பிறந்த இந்தப் பாத்திரம்தான் விளையாட்டின் உச்சம்.

1989-இல் வெளியானபோது ஆப்பிள் 2-இன் காலம் முடிந்துகொண்டிருந்தது, விற்பனை மந்தம். டாஸ் கணினிகளுக்கு வந்த பிறகே உலகெங்கும் பரவியது. அந்தப் பதிப்பில், விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, சரியான எழுத்துள்ள மருந்தைக் குடித்தால்தான் மேலே போக முடியும். நகல் டிஸ்க்கில் ஆடியவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டியதும் திணறியது இதனால்தான்.

இவ்வளவு புகழ்பெற்ற விளையாட்டின் மூல நிரல், அதாவது மெக்னர் தம் கையால் எழுதிய கட்டளைகள், பிற்காலத்தில் காணாமல் போயின. அவர் தேடிச் சலித்துப்போனார். 2012-இல் தந்தை, வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். உள்ளே பழைய டிஸ்க்குகள். ஜேசன் ஸ்காட், டோனி டியாஸ் ஆகிய இருவர் பழைய ஆப்பிள் கருவிகளோடு வந்து அவற்றைப் படித்தெடுத்தனர். நிரல் இணையத்தில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

டிஸ்க் என்பது இரும்புத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் சீதோஷ்ணத்தில் அதில் பூசணம் பிடிக்கும், பூச்சும் கெடும். தோட்ட மக்கள் பலர் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த காலமும், டிஸ்க் புழங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. கோயில் கணக்கோ, தமிழ்ப்பள்ளி மலரோ, கல்யாண மொய்க் கணக்கோ இன்னும் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கலாம்.

3.5 அங்குல டிஸ்க் என்றால், யுஎஸ்பி கேபிள் வழியே இணைக்கும் சிறிய டிரைவ் போதும். முதலில் டிஸ்க்கின் மூலையிலுள்ள சிறு அடைப்பைத் தள்ளித் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் தவறுதலாக எதுவும் அழியாது. அகலமான 5.25 அங்குல டிஸ்க்குக்குத் தனிக் கருவி தேவை. வெண்பூசணம் தெரிந்தால் சுத்தம் செய்யாமல் டிரைவில் போடவே கூடாது. டிஸ்க்கும் போகும், டிரைவும் போகும். யூனிகோட் வருவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தோன்றும். அவை கெட்டுப்போனவை அல்ல. அன்றைய எழுத்துரு எதுவெனத் தெரிந்தால், மாற்றி மென்பொருள் மூலம் பெரும்பாலும் படித்துவிடலாம்.