நினைவில் எழும் வீடுகள்

சென்ற பருவ விடுமுறையில் என் பாட்டியிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "நாம் இருந்த லயத்து வீட்டை வரைந்து காட்டுங்கள், பாட்டி" என்றேன். "எனக்கு என்னடா தெரியும்?" என்று சிரித்தார். பிறகு மெல்ல அஞ்சடியை வரைந்தார், அடுப்படியை வரைந்தார், வீட்டைவிடப் பெரியதாக ஒரு முருங்கை மரத்தையும் வரைந்தார். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் இன்று லயங்கள் இல்லை.

இந்த யோசனை எனக்கு ஒரு நூலிலிருந்து கிடைத்தது. அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை விரிவுரையாளராக இருந்த ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்பதே அந்நூல். 'முற்றுப்பெறாத தோம்பு' என்று இதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. இன்னாருக்கு இன்ன நிலம் சொந்தம் என்பதற்கு அதுவே சான்று.

போரினால் வீடிழந்த தமிழ் பேசும் மக்களிடம் சனாதனன் தத்தம் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். நூலில் ஒவ்வொரு வீடும் மூன்று முறை வருகிறது. முதலில் உரிமையாளரின் கோணல் கோடுகள். அடுத்து, கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படம். மூன்றாவது, சனாதனனின் வண்ணக்கோல் ஓவியம். அளவுகோலால் திருத்திய படத்தில் வீடு நேராகிவிடுகிறது. ஆனால் வாழ்ந்தவரின் கை நடுக்கம் மறைந்துவிடுகிறது. இழந்தது எது என்பதை அந்த இடைவெளியே உணர்த்துகிறது.

என்னை உலுக்கியது வேறொன்று. அந்தப் பதிவேட்டில் தமிழர் வீடுகளோடு முஸ்லிம்களின் வீடுகளும் உள்ளன. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் ஊரை இழந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். அவர்கள் பேசியதும் தமிழ்தான். சமயமே அவர்களை வேறு சமூகமாக்கியது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ஈழத்துத் துயரம் என்றால் தமிழர் துயரம் என்றே நான் அறிந்திருந்தேன். தமிழர் கையால் விரட்டப்பட்டவர்களும் உண்டு என்பதை அறிந்தபோது வெட்கமாக இருந்தது.

சமயத்தின் பெயரால் விரட்டப்பட்டோரைக் கலை முன்பும் பதிந்துள்ளது. பிரான்சில் 1572-இல் ஹியூகனோக்கள் எனப்படும் புரோட்டஸ்டண்டுகள் கொல்லப்பட்ட காட்சியை, அந்நாட்டிலிருந்து தப்பிச் சென்ற பிரான்சுவா துபுவா வரைந்தார். யூத ஓவியர் ஃபெலிக்ஸ் நுஸ்பாம் 1943-இல், மறைந்து வாழ்ந்த நிலையில், யூத அடையாள அட்டையைக் கையில் ஏந்தியபடி தம்மையே வரைந்தார். மறு ஆண்டு அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவ்விருவரும் வரைந்தது தம் மக்களின் துயரை. சனாதனனின் தோம்போ தம்மவரால் விரட்டப்பட்டவருக்கும் அதே பதிவேட்டில் இடம் தருகிறது. அதன் பெருமை இதுதான் என்பேன்.

எங்கள் தோட்டத்துக் கதை வேறு. நிலம் விற்கப்பட்டது, நாங்கள் தாமானுக்கு வந்தோம். சமயத்திற்காக எங்களை எவரும் விரட்டவில்லை. இரண்டையும் ஒன்றாக்குவது தவறு. ஆயினும் வரைந்து முடித்த பாட்டி, "பக்கத்து வீட்டையும் போடணுமே" என்று மீண்டும் பென்சிலை எடுத்தார். நண்பர்களே, பதிவேடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். நம் வீட்டை வரையும்போது பக்கத்து வீட்டையும் மறவாமல் வரைவோம்.