திரையில் 230 டிகிரி, அச்சுக்குள் எவ்வளவு?

பாயான் லெப்பாஸ், பிறை, ஜொகூர் பாரு என்று பிளாஸ்டிக் ஆலைகள் உள்ள இடங்களில் நம்மவர்கள் பலர் இயந்திரம் ஓட்டுகிறார்கள். பொருள் வளைந்து வந்தாலும் குழி விழுந்து வந்தாலும் முதல் கேள்வி இயந்திரத்தின் முன் நிற்பவருக்குத்தான். அவரும் உடனே திரையில் இருக்கும் சூட்டைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். பல வேளைகளில் கோளாறு அங்கே இருப்பதே இல்லை.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்பது பிளாஸ்டிக் மணிகளை உருளைக்குள் உருக்கி, இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறவைத்து எடுப்பது. திரையில் 230 என்று காட்டினால், அது உருளைச் சுவரின் சூடு. சுவரில் பதித்த தெர்மோகப்பிள் அதை அளக்கிறது. இருவேறு உலோகக் கம்பிகள் இணையும் முனை சூடானால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டறிந்தது இது. உள்ளே ஓடும் பிளாஸ்டிக்கின் சூடு அந்தக் கம்பிக்குத் தெரியாது. திருகு சுழலும்போது ஏற்படும் உராய்வும் பிளாஸ்டிக்கைச் சூடாக்குகிறது. அதனால் திருகை வேகமாக ஓட்டினால், திரையில் உள்ளதைவிட 10, 20 டிகிரி கூடுதலாக இருப்பது உண்டு.

உண்மையான சூட்டை அறிய, இயந்திரம் சீராக ஓடிய பிறகு உருகிய பிளாஸ்டிக்கை வெளியே தள்ளி, முன்கூட்டியே சூடாக்கிய ஊசி முனையை அதில் செருகி உடனே பார்க்க வேண்டும். கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

அச்சின் சூடு தனிக்கதை. பாலிபுரோப்பிலினுக்கு ஏறக்குறைய 20 முதல் 60 டிகிரி போதும். பாலிகார்பனேட்டுக்கு 80க்கு மேல் வேண்டும். துப்பாக்கி போன்ற அகச்சிவப்புக் கருவியைப் பளபளக்கும் இரும்பில் காட்டினால் தவறான எண்தான் வரும். தொட்டு அளக்கும் கருவியே நம்பகமானது. இரண்டு பாதிகளையும் அளந்து பாருங்கள். ஒன்று அதிகச் சூடாக இருந்தால், அந்தப் பக்கம் அதிகம் சுருங்கி, பொருள் அந்தப் பக்கமாகவே வளையும்.

ஒரு சுற்றில் பெரும்பகுதி நேரம் ஆறவைப்பதற்கே போகிறது. சுவர்த் தடிப்பு இரு மடங்கானால் ஆறும் நேரம் சுமார் நான்கு மடங்காகும். இதையெல்லாம் இரும்பை வெட்டுமுன்பே கணினியில் பார்க்கலாம். 1978இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மோல்ட்ஃபுளோ, தைவானின் மோல்டெக்ஸ்3டி போன்ற மென்பொருள்கள், பொருளை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த நொடியில் எவ்வளவு சூடாக இருக்கும் என்று கணக்கிடுகின்றன. எங்கே சூடு தேங்கும் என்பது திரையில் சிவப்பாகத் தெரியும்.

ஆனால் நாம் கொடுக்கும் விவரத்தை வைத்துத்தான் கணினி பேசும். வழக்கமாக அதற்குக் கொடுக்கப்படுவது புது அச்சின் சுத்தமான நீர்க்குழாய். ஆலையில் ஓடும் அச்சிலோ துருவும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்திருக்கும். கணினி 60 என்று சொன்ன இடத்தில் கருவி 75 காட்டினால், உருளைச் சூட்டில் கை வைக்குமுன் நீரோட்டத்தைப் பாருங்கள். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள சூட்டு வேறுபாடு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், குழாய் அடைத்திருக்க வாய்ப்புண்டு.

ஒவ்வொரு ஷிப்டிலும் இந்த எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். ரிஜெக்ட் ஏன் கூடியது என்று மேற்பார்வையாளர் கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டிப் பேசலாம்.